நின்று வாங்கிய மூச்சு

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், 1976ஆம் ஆண்டு, ஒரு காலை நேரத்து மூச்சின் விலை ஐம்பது காசு. உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் சேர்த்துத்தான் அந்த விலை. நிர்ணயித்தவள் சரோஜா. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதப் புதிதாக வந்த கிராணியின் மனைவி. ஈப்போவில் யோகாசனம் கற்றவள். சும்மா சொல்லிக் கொடுத்தால் ஒருத்தியும் மதிக்க மாட்டாள் என்று தெரிந்து வைத்திருந்த கெட்டிக்காரி.

கேட்ட விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லாத வேலாயி, தோட்டத்து மண்டபத்தின் வாசலிலேயே பேரத்தை ஆரம்பித்தாள்.

"கிராணியம்மா, எனக்கு வலிக்கிறது முதுகு மட்டுந்தான். கை, காலு, கழுத்துக்கெல்லாம் சேத்து நான் எதுக்குக் காசு குடுக்கணும்? முதுகுக்கு மட்டும் ஒரு வெல சொல்லுங்கலா."

"அப்ப முதுகக் கழட்டி வெச்சிட்டுப் போங்கக்கா. சரி பண்ணி அனுப்பறேன்."

முப்பது காசில் முடிந்தது. வேலாயி ஜெயித்த முகத்தோடு பாயை விரித்தாள்.

வாய் வேடிக்கை பேசினாலும் அவள் வந்தது விளையாட்டுக்கில்லை. ஆண்டுக் கடைசி மழையில் அவள் முதுகு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து நாற்று மேடையில் பைக்கு மண் நிரப்பும் வேலை. கோயிலுக்குக் கீழே இருந்த சரிவில் ஒரு வரிசைத் தேயிலை நிரை, அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் கொழுந்தெடுத்த நிரை. கவாத்து வெட்டி மொட்டையாக விட்டிருந்தார்கள். சித்திரையில் கொழுந்தெடுக்க மறுபடி திறப்பார்கள். கங்காணி காளியண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நெறஞ்ச கூடையோட கீழேர்ந்து நிறுவைக்கு ஏறி வா. வழியில உக்காரலன்னா நெர ஒன்னோடது. உக்காந்துட்டா என் கொழுந்தியாளுக்கு."

கொழுந்தியாள் புதுக் கூடையே வாங்கிவிட்டாள் என்று கேள்வி.

தோட்டத்துப் பெண்களுக்கு எதையும் எடை போட்டே பழக்கம். அதிகம் பறித்தவளுக்கு அதிகக் கூலி. அந்தப் பழக்கம் பாய் வரைக்கும் கூடவே வந்தது. "சூரிய நமஸ்காரம், மெதுவா" என்று சரோஜா சொல்லி முடிப்பதற்குள் வேலாயி காண்ட்ராக்ட் எடுத்தவள்போல் குனிந்து, நீட்டி, எழுந்து, மறுபடி குனிந்தாள். ஓரக்கண்ணால் பக்கத்துப் பாயையும் பார்த்துக்கொண்டாள். அங்கே அவளோடு கொழுந்தெடுக்கும் ஆரோக்கியம்மாள் இன்னும் முதல் கும்பிடிலேயே நின்றிருந்தாள்.

"சூரியனக் கும்பிட்டா ஃபாதர் என்னை வெளுத்துருவாரே, கிராணியம்மா?"

"இந்த மூடுபனியில சூரியன் எங்கக்கா இருக்கு? மேகத்தப் பாத்துக் குனிங்க."

"நீ மேகத்தோட பேசிக்கிட்டிரு. நான் ஒன்னவிட ரெண்டு மடங்கு போட்டாச்சு" என்றாள் வேலாயி. சொன்ன சூட்டில் இன்னொரு முறை குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள். எழ முடியவில்லை.

"அசையாத இருடி" என்றாள் ஆரோக்கியம்மாள். "மேல ஒரு துணி விரிச்சா தேத்தண்ணி வெக்கலாம்."

மண்டபமே சிரித்தது. வேலாயியும் தரையைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தது முதுகில் சுளீரென்றது. நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள். சரோஜா மட்டும் சிரிக்காமல், "இங்க யாரும் நிறுக்கலக்கா" என்றாள்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேலாயி லயத்து வீட்டுக்குத் திரும்பினாள். வேகமாக நடக்க முடியாததால் கீழ்ச் சரிவின் ஓரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. இந்த மலையில் வசந்தம் என்று தனியாக ஒன்று வந்து கதவைத் தட்டாது. மழை கொஞ்சம் ஓயும், வெயில் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஆனால் போன வாரம் வரை விறகுக் கட்டுபோல் நின்ற செடிகளில், கணுவுக்குக் கணு, குருவி அலகு மாதிரி பச்சை முனை எட்டிப் பார்த்தது. தன் நிரையின் முதல் செடியில் விரலை வைத்துப் பார்த்தாள். வெட்டிய இடத்தின் பக்கத்திலேயே தளிர். யாரும் அதை விரட்டவில்லை, ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்துவிடு என்று மேலே ஒரு கங்காணியைப் போட்டு வாட்டவுமில்லை. "நீங்க மட்டும் சொகுசா வருவீங்க, என்ன?" என்று செடியைத் திட்டினாள். திட்டிவிட்டு, அங்கேயே நின்று நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

முதுகு வலி கொஞ்சம் தணிந்ததும் மண்டபத்துக்குப் போனாள். இந்த முறை ஆரோக்கியம்மாளுக்கும் பிந்தித்தான் குனிந்தாள். கை தரையைத் தொடவில்லை. தொடாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பங்குனி நடுவில் விரல் நுனி தொட்டது. தூக்கம் வந்தது. புருஷன் மாடசாமியைத் திட்டும்போதுகூட நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுத் திட்டினாள். அவர் முன்னைவிட அதிகமாகப் பயந்தார்.

சித்திரை பிறந்து மலை திறந்தது. சரிவு முழுக்கப் பச்சை பொங்கி நின்றது. வேலாயி பறித்த முதல் கொழுந்தைத் தலையில் செருகிக்கொண்டாள். கூடை நிறைந்ததும் ஏறத் தொடங்கினாள். மற்றவர்கள் தடதடவென்று தாண்டிப் போனார்கள். பாதிச் சரிவில் முதுகு பழைய குரலில் முனகியது. மேலே காளியண்ணன், பக்கத்தில் புதுக் கூடையோடு கொழுந்தியாள்.

வேலாயி நின்றாள். காலைச் சற்று அகட்டி ஊன்றி, கூடையோடு நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மூடினாள்.

"என்னா வேலாயி, கோயில் மேல இருக்கு, அங்கயே கும்புடறியா?" என்று கத்தினார் கங்காணி. "உக்காரப் போறியா, இல்லியா?"

"உக்காரல கங்காணி, மூச்சு வாங்கறேன். நிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலியே!"

காளியண்ணன் தராசைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார். மேலிருந்து ஆரோக்கியம்மாள் கைதட்டினாள். "இழுடி, விடுடி" என்று எல்லாப் பெண்களும் சேர்ந்து கத்த, வேலாயி மூச்சுக்கு ஒரு அடியாக ஏறினாள். சிரித்ததில் இரண்டு மூச்சு வீணாயிற்று. ஆனாலும் உட்காரவில்லை. கூடை தராசில் ஏறியபோதும் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

கொழுந்தியாளின் கூடை அன்று வேறு மலைக்குப் போனது. வேலாயி மத்தியானமும் பறித்தாள். சாயந்திரம் கங்காணி உரக்கக் கணக்குச் சொன்னார். இரண்டு நடையும் சேர்த்து முப்பத்தொன்பது கிலோ. கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்தது ஐந்து. நின்றது முப்பத்துநாலு. பழைய வேலாயி ஒரு நாளைக்கு எடுத்தது நாற்பது. ஆக, பாக்கி ஆறு. அந்த ஆறை வேலாயி யாருக்கும் கட்டுவதாக இல்லை.