வைசாகேயின் வலை

நவுசோரி ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு விளம்பரங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் 'உண்மை', மறுபக்கம் 'ஜோடனை' என்று எழுதினேன். ஆளுக்கொரு விளம்பரம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

சைருசி கொண்டுவந்தது டின் மீன் விளம்பரம். ஈரத் தலையும் தோளில் வலையுமாக ஒரு மீனவர், 'நான் தினமும் சாப்பிடுவது இதுதான்' என்று சிரித்தார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அது அதே வகுப்பில் படிக்கும் கெலேராவின் அப்பா வைசாகே. சுவா நகரத்துக்குப் போகும் பஸ்ஸின் ஓட்டுநர்.

"உங்கப்பா பஸ்ஸுக்குள்ளயா வலை போடுறாரு?"

"அவரு நெஜமாவே மீன் பிடிக்கிறாருடா!" என்றாள் கெலேரா. யாரும் நம்பவில்லை. 'ஜோடனை' பக்கம் நானே படத்தை ஒட்டினேன். அவள் அழுதுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பஸ்ஸைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு வைசாகே வகுப்புக்கே வந்தார்.

"படம் எடுத்தப்போ நீங்க மீனவரா மாமா?" சைருசி கேட்டான்.

"இல்லப்பா. கடல்னாலே பயம். தலையில ஒரு வாளித் தண்ணிய ஊத்தி நிக்க வெச்சாங்க."

"அப்ப பொய்!"

"பொய்தான். ஆனா போஸ்டரப் பாத்துட்டு ஊரே 'மீன் எங்க, மீன் எங்க'ன்னு கிண்டல் பண்ணுச்சு. ரோஷம் வந்து மச்சான் படகுல ஏறினேன். இப்ப சனிக்கிழமை தவறாம போறேன். போன வாரம் இவ்ளோ பெரிய வஞ்சிரம்!"

படத்தை 'உண்மை' பக்கம் மாற்றினேன்.

"அந்த டின் மீன் சாப்பிடுவீங்களா?" என்றாள் ஒருத்தி.

"அப்பல்லாம் தெனமும் அதுதான். இப்ப வீட்டுல புது மீன் இருக்கே, யாரு தொடுறா?"

நான் படத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். அன்று மீனவர் பொய், சாப்பிட்டது நிஜம். இன்று மீனவர் நிஜம், சாப்பிடுவது பொய்.

"மேடம், பரீட்சையில கேட்டா என்ன எழுதுறது?"

"யோசிச்சு சொல்றேன்" என்றேன். கடைசி மணி அடித்துவிட்டது.

பஸ் வரை அவருடன் நடந்தேன். படியில் கால் வைத்தவர் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ரெண்டு நாளா புள்ள முகம் கொடுத்துப் பேசல மேடம். நான் ஏமாத்துனவனா?"

"அன்னிக்கு... கொஞ்சம். இன்னிக்கு... எனக்குத் தெரியல அண்ணா."

கெலேரா ஓடிவந்து ஏறி, அவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள்.