சாம்பல் நிறப் பசை

பாயிஸ் நானா இரண்டையும் எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று வெள்ளைப் பசை, விரல் நீளப் பைக்கற்றில் இருந்தது. மற்றது சாம்பல் நிறம், ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் அடைத்திருந்தது. செசிலியா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பாயிஸ் நானாவின் கடையில் கொம்பியூட்டர் திருத்துகிறவளே அவள்தான். எது நல்லது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொம்பியூட்டரின் மூளையான புரொசசர் வேலை செய்யும்போது சுடும். அதன்மேல் ஓர் அலுமினியக் கட்டியும் விசிறியும் உட்கார்ந்து அந்தச் சூட்டை வெளியே தள்ளும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பூச்சாகப் பசை இருக்க வேண்டும். பசை காய்ந்துவிட்டால் சூடு ஏறும், கொம்பியூட்டர் தானாகவே அணைந்துவிடும். அந்தப் பொலிஸ் நிலையத்துக் கொம்பியூட்டருக்கு இதுதான் வியாதி என்பதை அவள் நேற்றே கண்டுகொண்டாள். அது கொதிக்கிற சாதிப் புரொசசர். வெள்ளிப்பொடி கலந்த சாம்பல் பசைதான் அதற்குச் சரி.

பொலிஸ் நிலையத்துக் கொம்பியூட்டரைப் பற்றி அவளுக்கென்ன அக்கறை என்றால், அவளுடைய தம்பி றெஜி அங்கே கம்பிக் கூட்டுக்குள் அடைபட்டிருந்தான். யுத்தம் மறுபடி மூண்டதிலிருந்து கண்டியில் சுற்றிவளைப்புக்குக் குறைவில்லை. கட்டுக்கலையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவனை, அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்த ஒரே குற்றத்துக்காக ஏற்றிக்கொண்டு போனார்கள். நேற்று அவள் சோற்றுப் பார்சலோடு போனபோது அங்கிருந்த சார்ஜன் விஷயத்தைச் சொன்னார். விசாரித்தாயிற்று, பையன்மேல் ஒன்றுமில்லை. விடுவிக்கிற கடிதத்தை அடித்து நிலையத்துப் பெரியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கொம்பியூட்டர் பாதியிலேயே செத்துப் போகிறது. கையால் எழுதினால் பெரியவர் தொடமாட்டார். நாளைப் பின்னேரம் வண்டி வரும். கடிதம் இல்லாதவர்கள் எல்லோரும் பூசா தடுப்பு முகாமுக்குப் போக வேண்டியதுதான்.

மழை வரப்போகிறது என்று சொல்கிற அதே குரலில் இதைச் சொல்லிவிட்டு, சார்ஜன் கொம்பியூட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். அது மறுபடி அணைந்தது. பூசாவுக்குப் போன பிள்ளைகள் எப்போது வருவார்கள், வருவார்களா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லாத காலம். "நான் திருத்தித் தாறன், சேர்" என்று செசிலியாவின் வாய் முந்திக்கொண்டது.

"இத எப்படித் தங்கச்சி கொண்டுபோவீங்க?" பாயிஸ் நானா சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினார். "வாசல்ல நிக்கிறவனுக்கு இது என்னன்னு தெரியுமா? சாம்பல் கலர்ல களி மாதிரி ஈக்கிது. உங்கட ஐடியையும் பாத்துட்டு இதையும் பாத்தா, அல்லாஹ்தான் காப்பாத்தணும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. பஸ்ஸிலும் சந்தையிலும் குண்டு வெடித்த வருஷம் அது. சாப்பாட்டுப் பெட்டிக்கே மூடி திறந்து காட்டுகிற ஊரில், யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி சாம்பல் களியோடு பொலிஸ் நிலையத்துக்குள் போவதா? செசிலியா சாம்பலை நகர்த்திவிட்டு வெள்ளைப் பைக்கற்றை எடுத்தாள். அந்த நாட்களில் நம்மவர்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் தெரிவுசெய்தார்கள். சட்டையின் நிறத்தை, நடக்கிற தெருவை, கைபேசியில் பேசுகிற பாஷையைக்கூட. தனக்கு எது வேண்டும் என்று யாரும் பார்ப்பதில்லை, வாசலில் நிற்கிறவன் கண்ணுக்கு எது உறுத்தாது என்றே பார்ப்பார்கள்.

தம்பிக்கென்று சவர்க்காரம், துவாய், பற்பசை எல்லாவற்றையும் இன்னொரு பையில் போட்டுக்கொண்டு, மத்தியான வெயிலில் வாவிக்கரையால் நடந்து போனாள்.

வாசலில் ஒரு பொலிஸ்காரி எல்லாவற்றையும் மேசையில் கொட்டினாள். பற்பசையின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டாள். வெள்ளைப் பைக்கற் அவள் கையில் நின்றது.

"இது என்ன?"

"கொம்பியூட்டருக்குப் பூசுற பசை, மிஸ்" என்றாள் செசிலியா சிங்களத்தில்.

பொலிஸ்காரி நம்பவில்லை. பைக்கற்றைக் குறுக்கே கிழித்துப் பிதுக்கினாள். பசை முழுவதும் அவள் உள்ளங்கையில் வழிந்து நிலத்தில் சொட்டியது. விரலால் தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைச் சுவரில் துடைத்தாள். "சரி, போ" என்று வெறும் பைக்கற்றை நீட்டினாள்.

செசிலியா அதை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். வாயைத் திறந்திருந்தால் அழுகையோ ஏச்சோ வந்திருக்கும், இரண்டுமே அந்த இடத்தில் ஆபத்து. யாருடைய கண்ணுக்கு உறுத்தக்கூடாது என்று அதை எடுத்து வந்தாளோ, அவளே அதைச் சுவரில் தேய்த்துவிட்டாள். திரும்பிக் கடைக்கு ஓடிச் சாம்பலை எடுத்துவரலாம் என்றால் வண்டிக்கு முந்த முடியாது.

உள்ளே சார்ஜன் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் பெட்டியைக் கழற்றினாள். அலுமினியக் கட்டியைத் தூக்கினால், பழைய பசை சுண்ணாம்பாய்க் காய்ந்து உதிர்ந்தது. துணியால் துடைத்தாள். கிழிந்த பைக்கற்றை எவ்வளவு பிதுக்கியும் ஒரு சொட்டு வரவில்லை. தூரத்தில் கூட்டுக்குள் யாரோ இருமினார்கள். அது றெஜியின் இருமல் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் கை மற்றப் பைக்குள் போனது. பற்பசையை எடுத்து, ஒரு மிளகளவு புரொசசரின் நடுவில் வைத்தாள்.

"பல்லு விளக்கிறதா?" சார்ஜன் எழுந்தே விட்டார். "எனக்கு விளையாட்டுக் காட்டுறியா?"

பொய் சொல்ல ஒரு கணம் நாக்குத் துடித்தது. பிறகு நினைத்தாள், பொய் பிடிபட்டால் தம்பியோடு தானும் வண்டி ஏற வேண்டிவரும். "இல்ல சேர். நான் கொண்டுவந்த பசையை வாசலில சிந்திப்போட்டினம். இது கொஞ்ச நாளைக்குத் தாங்கும். பிறகு காஞ்சுபோம். காயமுந்தி நானே வந்து சரியான பசை பூசித் தருவன்."

அவர் மறுபடி கதிரையில் உட்கார்ந்தார். "வராவிட்டால், நீ வேண்டுமென்றே கெடுத்தாய் என்றுதான் நான் எழுதுவேன். உன் தம்பி இருக்கிற இடமும் எனக்குத் தெரியும்."

"வருவன், சேர்."

கொம்பியூட்டர் உயிர் பெற்றது. கடிதம் அடிக்க வந்த இளம் பொலிஸ்காரன் ஒற்றை விரல்காரன். ஒவ்வோர் எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து, அது சரிதானா என்று திரையைப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தேடினான். செசிலியா பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சூடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. விசிறி இரைந்தது. வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஒருவன் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினான். சனியனே, இன்னும் இரண்டு வரிதான், நில்லு, நில்லு என்று மாதாவிடம் கேட்கவேண்டியதை அந்தப் பெட்டியிடம் கெஞ்சினாள்.

"ரெஜினோல்ட்!" என்று வெளியே றெஜியின் முழுப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அச்சுப்பொறி கரகரத்துக் கடிதத்தைத் துப்பியது. சார்ஜன் அதை இழுத்துக்கொண்டு பெரியவரின் அறைக்குப் போனார். ஓடவில்லை, நடந்துதான் போனார். செசிலியாவுக்கு அவரைப் பின்னாலிருந்து தள்ளவேண்டும் போலிருந்தது.

வண்டியின் படியில் ஒரு கால் வைத்திருந்தவனை இறக்கிவிட்டார்கள்.

வாசலைத் தாண்டி, வாவிக்கரை மதிலோரம் வந்த பிறகுதான் றெஜி வாயைத் திறந்தான். உதட்டில் காய்ந்த இரத்தம் இருந்தது. "அக்கா, பேஸ்ட் கொண்டந்தனீங்களே? அந்தக் கூட்டுக்குள்ள பல்லு விளக்கவே விடேல்ல. வாய் நாறுது."

செசிலியா மதிலில் சாய்ந்து சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு பற்பசை போன கதையைச் சொன்னாள். அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவன் அல்லவா, அடுத்த வரி அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அது காயுமெல்லே?"

"காயும்."

"அப்ப ரெண்டு பேரும் இண்டைக்கே கொழும்புக்குப் போவம். திரும்பி அந்த வாசலுக்கு நீங்கள் போக வேண்டாம் அக்கா, சொல்லிப்போட்டன்."

"நீ போ. நானும் ஓடினா, அது அணையிற அண்டைக்கு உன்னைத்தான் தேடுவினம்."

அவன் எவ்வளவோ வாதாடினான். அவள் அவனை பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் வழியே பற்பசையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

மறுநாள் கடை திறந்ததும், அவள் கேட்குமுன்னமே பாயிஸ் நானா புதிய வெள்ளைப் பைக்கற் ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தத் தடவ ரெண்டு எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. ஒண்ணக் கிழிச்சாலும் மத்தது ஈக்கும்."

செசிலியா அதை வாங்கவில்லை. இரவு முழுக்க அந்த வாசலும் அந்த மேசையும்தான் கண்ணில் நின்றன. போகாமல் இருந்துவிடலாமா என்று விடியும்வரை நினைத்தாள். வெள்ளைப் பசை அந்தக் கொதிக்கிற புரொசசருக்குச் சில மாதம்கூடத் தாங்காது. அது அணைந்தால் மறுபடி அவள், மறுபடி றெஜி, மறுபடி அந்த வண்டி.

"எனக்குச் சாம்பல் பசையைத் தாங்கோ, நானா."

சிரிஞ்சைப் பைக்குள் வைக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாவிக்கரையால் நடந்தாள்.