சொல்லின் நடுவில் ஒரு மூச்சு

1

இந்தக் கதை ஒரு மாடிப்படியில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிறகு மறைத்துவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

அன்றைக்கு நான் கதை தேடிப் போகவில்லை. பாட்டுச் சொல்லித்தருவதில் இப்போது என்னென்ன ஆராய்ச்சிகள் நடக்கின்றன என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. எனக்குப் பாட்டு வராது. குளிக்கும்போது முணுமுணுத்தால்கூடப் பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்துவார்கள். ஆனால் என் அக்கா பாட்டு டீச்சர். அவளிடம் நாலு கேள்வி கேட்டு, அவள் படித்து அடுக்கி வைத்திருக்கும் தாள்களில் பத்தை உருவிக்கொண்டு வந்து ஒப்பேற்றிவிடலாம் என்று கிளம்பினேன். கிணறு வெட்டப் போனேன், பூதம் கிளம்பியது.

அக்கா வீடு இரண்டாவது மாடி. முதல் மாடித் திருப்பத்தில் ஏறும்போது அவள் பாடுவது கேட்டது.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். அக்காவால் பாட முடியாது. கழுத்தில் இருந்த ஒரு சின்னக் கட்டியை எடுத்தபோது நரம்பு அடிபட்டு, இரண்டு குரல்நாண்களில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டது. இரண்டும் சேர்ந்தால்தான் சத்தம். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் பேச்சே வெறும் காற்றாகத்தான் வருகிறது. தண்ணீர் வராத குழாயைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி.

அதனால் நான் ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் நின்றேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தது வேறொரு பெண். அக்கா நாற்காலியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஏமாற்றம் எனக்கு நேர்ந்ததில்லை. அக்கா கண்ணைத் திறந்து என் செருப்பைத்தான் முதலில் பார்த்தாள்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டை நீங்களும் கொஞ்சம் படுங்கள்.

‘அவள் தன் குரலை இழந்தாள்.’ [அடித்துவிட்டேன். பேருந்தில் குடையைத் தொலைத்தவள் மாதிரி இருக்கிறது.]

‘மனிதக் குரல்வளையில் இரண்டு மெல்லிய’ [பாடப்புத்தகம்.]

‘குரல் என்பது உயிரின்’ [போதும். இதற்கு மேல் எழுதினால் எனக்கே என்மேல் கோபம் வரும்.]

‘ஒரு வீட்டில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தாள். அவளுடைய குரல் அவளிடம் இல்லை, இன்னொருத்தியிடம் இருந்தது.’ [இது ராஜா ராணிக் கதை மாதிரி இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான். அடிக்க மனம் வரவில்லை.]

3

கட்டுரையாகவே கொஞ்சம் போகிறேன். பத்திரிகைக்காரருக்கும் நியாயம் செய்ய வேண்டும்.

அக்கா கற்ற முறை இது. டீச்சர் பாடுவார், நீ பாடு. தப்பா, டீச்சர் மறுபடி பாடுவார், நீ மறுபடி பாடு. இருபது வருஷமாக அவளும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். இப்போது படித்தவர்கள் கேட்கிறார்கள்: டீச்சருடைய தொண்டையும் மாணவியின் தொண்டையும் ஒன்றா? அளவு வேறு, வடிவம் வேறு. தன் தொண்டைக்குப் பொருந்தாத ஒரு சத்தத்தை வரவழைக்க, பிள்ளைகள் எதை எதையோ அழுத்துகிறார்கள், இறுக்குகிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். ‘தொண்டையைத் திற, வயிற்றை இழு’ என்று உறுப்பு உறுப்பாகக் கவனிக்கச் சொன்னால் பாட்டு விறைத்துப்போகிறது. ‘எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவருக்குக் கேட்கட்டும்’ என்று கவனத்தை வெளியே அனுப்பினால் உடம்பு தானே வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு வரிக்கும் உடனுக்குடன் திருத்தினால், டீச்சர் இருக்கும்வரைதான் பாட்டு நிற்கும். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு, ‘உனக்கே எப்படி இருந்தது?’ என்று கேட்டால் வீட்டுக்குப் போன பிறகும் நிற்கும்.*

* அப்புறம் ஸ்ட்ரா. தம்ளரில் பாதித் தண்ணீர், அதற்குள் ஸ்ட்ராவை விட்டு, அதன் வழியாகக் குமிழி வர ஸ்வரம் பிடிப்பது. வெளியே போகும் வழி குறுகலாக இருப்பதால் குரல்நாண்கள் மோதிக்கொள்ளாமல் அதிர்கின்றனவாம். நானும் செய்து பார்த்தேன். சட்டை நனைந்தது.

அக்கா இதையெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகுதான் படித்தாள். பாடிக் காட்ட முடியாது, என்ன செய்வாள். தாள்களைப் பரப்பி வைத்து எனக்கு விளக்கிவிட்டு, கடைசியில் சொன்னாள்:

“உண்மையைச் சொல்லட்டுமாடா? பசங்க இப்பதான் நல்லாப் பாடுறாங்க. என் தொண்டை போனப்புறம்தான் அவங்களுக்குத் தொண்டை வந்திருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்புக்கும் இப்போது சத்தம் கிடையாது. இருபது வருஷம் தன்னிடம் இருந்த ஒரே சொத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தவள், அந்தச் சொத்து பிள்ளைகளுக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது என்று தெரிந்துகொண்டு சிரிக்கிறாள். எனக்கு அந்த ஆராய்ச்சியாளர்கள்மேல் காரணமில்லாத எரிச்சல் வந்தது. அவர்கள் எழுதியது சரி என்பதால் எரிச்சல் கூடியது.

4

இப்போது அந்தப் பெண். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு மூக்கில் நிற்கும் ஃபிரேம் எது, காதில் அழுத்தாத ஃபிரேம் எது என்று பார்த்துக் கொடுப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். அக்காவின் மாணவிகளிலேயே பழையவள், வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வருபவள். புதிய முறை எல்லோருக்கும் வந்தது, இவளுக்கு மட்டும் வரவில்லை. ஏன் என்றுதான் கதை.

அவள் அக்காவை அப்படியே எடுத்துவைத்திருந்தாள். அக்காவின் குரல் இயல்பிலேயே தாழ்ந்தது, கொஞ்சம் கரகரப்பு. இவளுடையது மேலே நிற்கும் குரல். பேசும்போது கேட்டால் தெரியும். பாடும்போது மட்டும் தொண்டையைக் கீழே அமுக்கி அக்காவாகிவிடுவாள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்கா மெட்டமைத்த ஒரு சின்னப் பாட்டில் ‘விடியும்’ என்று உச்சத்துக்கு ஏறும் இடம் வரும். அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சு இரைக்கும். அங்கே அவளுக்குக் காற்று போதாது. அதனால் ‘விடி’ என்று நிறுத்தி, ஒரு குட்டி மூச்சைத் திருடிக்கொண்டு, ‘யும்’ என்று ஏறுவாள். அது அவளுடைய இயலாமை. கண்ணாடிக் கடைக்காரிக்கு நல்ல நுரையீரல், முழு வரியையும் ஒரே மூச்சில் பாடலாம். ஆனால் அவளும் அதே இடத்தில் நிறுத்தி, அதே குட்டி மூச்சை எடுப்பாள். அழகென்று நினைத்துக் கற்றுக்கொண்டாள்.

அன்றைக்குக் கதவு திறந்திருந்தது, படியில் நான் ஏமாந்தது அந்த மூச்சில்தான்.

[இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், ஒலிப்பதிவு இருக்குமே என்று. இருக்கிறது. நானும் அக்காவிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அதுல நான் பாடினதுதானேடா இருக்கு. இவகிட்ட நான் இன்னும் பாடாத பாட்டெல்லாம் இருக்கு.”]

ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா புதிதாக மெட்டுப் போட்டால் இவளைத்தான் பாடச் சொல்கிறாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கோ சில மாதங்களாகச் சாயங்காலமானால் தொண்டை கட்டிக்கொள்கிறது. கடையில் நாலு பேரிடம் பேசினால் குரல் கிழிகிறது. அக்காவுக்குக் காது போகவில்லை. முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கும். ‘என்னை மாதிரிப் பாடாதே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு தம்ளரையும் ஸ்ட்ராவையும் கொடுத்தால் போதும். சொன்னால் அந்தத் தொண்டை பிழைக்கும். அக்காவின் குரல் இரண்டாம் முறை போகும்.

5

இங்கே நான் நாலு நாள் எழுதாமல் இருந்தேன். காரணம், அந்தப் பெண்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதைக்கு வசதியாக வந்து நிற்கிறாள். இப்படி ஒருத்தி வலியோடு பாடுவாளா? ஒன்று, அவள் ஒன்றும் புரியாத அப்பாவி. அல்லது நான் அவளை அப்பாவியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது என்று சாக்கு வைத்து அவள் கடைக்கே போனேன். [திருகை நான்தான் தளர்த்தினேன்.] அவள் கண்ணாடியை வாங்கி, சின்ன ஸ்குரூ டிரைவரால் முடுக்கி, துடைத்து, என் மூக்கில் மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றிக் காதுப்பக்கம் கொஞ்சம் வளைத்தாள். பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்ணா. அது என் குரல் இல்லன்னு எனக்கே தெரியும். வலிக்குது. நிறுத்தலாம்னுதான் ஒவ்வொரு வாட்டியும் போறேன். டீச்சர் அந்தச் சுவரப் பாத்துத் திரும்பி உக்காந்துடறாங்க. அதுக்கப்புறம் எப்படிண்ணா நிறுத்துறது?”

கண்ணாடியை மாட்டிவிட்டாள். உலகம் தெளிவாகத் தெரிந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக, இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவை நினைத்து அந்தப் பெண் வாயை மூடவில்லை, அந்தப் பெண்ணுக்காக அக்கா வாயைத் திறக்கவில்லை. நடுவில் ஒரு தொண்டை கெட்டுக்கொண்டிருந்தது.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அக்காவுக்கு இரண்டாவது ஆபரேஷன். அசையாத நாணை நடுப்பக்கம் நகர்த்திவைக்கிறார்கள். கண் விழித்ததும் அவள் ‘விடி’ என்று தொடங்கி [பேச்சுக் கொஞ்சம் திரும்பலாம், பாட்டுக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. எனக்குத் தெரிந்துகொண்டே உங்களிடம் பொய் சொல்ல முடியாது.]

அந்தப் பெண் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறாள். [வழி தெரியாத கதாசிரியர்கள் எல்லோரும் செய்வது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.]

அந்தப் பெண் தன் குரலில் பாடக் கற்றுக்கொண்டு, அக்காவுக்காக வாரத்தில் ஒரு நாள் மட்டும் [இதைத்தான் நான் ஆசைப்பட்டு எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க. எழுதி முடித்ததும் தெரிந்தது, வாரம் ஒரு நாள் மட்டும் விஷம் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறேன்.]

எதுவும் ஓடவில்லை. கடையில் கேட்டதை அக்காவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் கிடந்துவிட்டு, நீங்கள் இதுவரை படித்த பக்கங்களை, முதல் மாடிப்படியிலிருந்து ஸ்குரூ டிரைவர்வரை, எடுத்துப்போய் அவள் கீபோர்டின்மேல் வைத்துவிட்டு வந்தேன். கோழைகளுக்கு எழுத்து நல்ல தொழில்.

7

மறுநாள் கூப்பிட்டாள். போனில் அவள் குரல் பாதி காணாமல் போகும், அதனால் நேரில் வரச் சொன்னாள். பக்கங்கள் அவள் மடியில் இருந்தன. முதல் கேள்வி இதுதான்:

“கடையில அவ சொன்னது நிஜமா, நீ எழுதினதா?”

நிஜம் என்றேன். இவ்வளவு நாள் எழுதியதில் யாரும் என்னிடம் இவ்வளவு பயந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டதில்லை.

அக்கா பக்கங்களை ஒழுங்காக அடுக்கினாள். “என்னை ரொம்ப நல்லவளா எழுதியிருக்கேடா. வலிக்குதுன்னு அவ வாயத் திறந்து சொன்னா அன்னைக்கே நிறுத்திடணும்னு இருந்தேன். அவ சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியும்.”

அப்புறம் அழுதாள். அதற்கும் சத்தம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சத்தம் இருந்தது, அதனால் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் வகுப்பு. போய்விடு என்று அக்கா சொன்னாள். நான் முதல் மாடித் திருப்பம்வரை போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பெண் என்னைத் தாண்டி ஏறும்போது, கண்ணாடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா பேசியிருப்பாள், அவள் பேசுவது படிவரை வராது. பிறகு குமிழிச் சத்தம். தம்ளரும் ஸ்ட்ராவும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, குழந்தை பாலில் விளையாடுகிற மாதிரி. இடையில் இரண்டு பேரில் யாரோ சிரித்தார்கள். சத்தம் வந்ததால் அக்கா இல்லை.

அப்புறம் பாட்டு. எனக்கு அந்தக் குரலைத் தெரியவில்லை. மெல்லிசாக, மேலே நின்று, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டு வந்தது. அக்கா அதில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. அந்தப் பெண்ணுக்காக நான் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான் உட்கார்ந்திருந்தேன்.

‘விடியும்’ வந்தது. ‘விடி’க்குப் பிறகு அந்த மூச்சு கேட்டது.

குட்டி மூச்சு, திருடிய மூச்சு, இருபது வருஷமாக நான் கேட்டது. ஆனால் குரல் எங்கும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

மூச்சு விடக் குரல்நாண் வேண்டியதில்லை. அக்காவால் இப்போதும் எடுக்க முடிகிற ஒன்று அது. ஆனால் கதவு சாத்தியிருந்தது, நடுவில் ஒரு மாடி. அங்கிருந்து ஒரு மூச்சு கேட்குமா என்று பிறகு நானே பரிசோதித்தேன். கேட்காது. ஒருவேளை நான்தான் படியில் உட்கார்ந்து அந்த இடத்தில் மூச்சை இழுத்திருப்பேன். அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. இதை அக்கா படிப்பாள், அப்போதும் சொல்ல வேண்டாம் என்று அவளைக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாட வேண்டாம். நடுவில் நிறுத்தத் தோன்றினால் நிறுத்துங்கள்.

விடி