குண்டு கட்டாத விமானம்

ஓடுபாதை சாய்ந்து சாய்ந்து வருகிறது, கடல் ஒரு பக்கம் சுவர்போல எழுந்து நிற்கிறது, விமானத்தின் பிடி என் கைக்குள் வியர்வையில் வழுக்குகிறது, மூக்கைக் குத்தாதை தங்கச்சி, மெல்ல, மெல்ல என்று அண்ணை பின்னால் நின்று சொல்லச் சொல்ல நான் குத்திவிடுகிறேன், திரை இருண்டு போகிறது, திரும்பவும் செத்துப் போனோம், அண்ணை சிரிக்கிறார், கனடாவில், ஸ்காபரோவில் அவர் வீட்டு பேஸ்மென்ற்றில் ஒரு ஞாயிறு மத்தியானம், அண்ணி மீன் பொரிக்கும் மணம் படியிறங்கி வருகிறது, நானோ கணினிக்குள் ஒரு போர்விமானத்தில் உட்கார்ந்திருக்கிறேன், விமானச் சத்தம் கேட்டாலே மேசைக்குக் கீழே இடம் தேடுகிற நான்.

அண்ணை லொறி ஓட்டுகிறவர், ஓய்வு நாளெல்லாம் இந்த நாற்காலியில்தான், இதை விளையாட்டென்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, இயந்திரத்தை உயிர்ப்பிக்கவே எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று மெய்யான விமானிபோலப் படித்திருக்க வேண்டுமாம், காலுக்கு மிதிகள், இடக்கைக்கு வேகத்தின் தண்டு, தலையைத் திருப்பினால் திரையில் வானமும் கூடத் திரும்பும், நோர்வேயிலிருந்து ஒருவர் இணையத்தில் சேர்ந்து பறப்பார், அண்ணை அங்கே வைத்துக்கொண்ட பெயர் பனங்காய், அந்த மனிதர் வாயில் அது படும் பாட்டைக் கேட்டு இன்றைக்குச் சிரிக்கிறேன், முதல்முறை கண்டபோது படியில் நின்று கத்தினேன், உங்களுக்கென்ன விசரே அண்ணை, ஊரில எங்களைக் கலைச்சுக் கலைச்சுக் குண்டடிச்ச சாமானெல்லோ இது, இதுக்குள்ள ஏறியிருந்து சிரிச்சுக்கொண்டு பறக்கிறியள், அவர் ஹெட்போனைக் கழற்றி, நான் இதில குண்டு கட்டுறேல்லை, சும்மா பறக்கிறதுதான் என்றார், நான் கேட்க நிற்கவில்லை, அந்தப் பனிக்காலம் முழுக்க அவர் வீட்டுப்பக்கம் போகவும் இல்லை.

பிறகுதான் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் எங்கள் கூடப்பிறந்த மலரக்காவின் குரல், கொழும்பில் இதயத்தில் சத்திரசிகிச்சையாம், பயமில்லையடி, ஆனால் அதுக்கு முன்னம் உன்னை ஒருக்காப் பாக்கோணும் போல கிடக்கு என்கிறாள், நான் இந்த நாட்டுக்கு வந்ததே நித்திரை மாத்திரையின் மயக்கத்தில், அதற்குப் பிறகு எந்த விமானத்திலும் ஏறியதில்லை, வருவன் அக்கா என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன், அழுதுமுடித்து அண்ணையின் கதவைத் தட்டுகிறேன், அக்காவிட்டைப் போகோணும் அண்ணை, பிளேனேறப் பயமாக் கிடக்கு என்கிறேன், ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை என்று ஒரு சொல் கேட்கவில்லை அவர், நாற்காலியை இழுத்துப் போட்டார், இதில இரு என்றார், முதலில் சத்தமே இல்லாமல், பிறகு கொஞ்சம் கூட்டட்டோ, இன்னும் கொஞ்சம் கூட்டட்டோ என்று என் முகத்தையே பார்த்தபடி.

சத்தம் கூடக் கூட நான் ஊரில் எங்கள் பதுங்குகுழியில், பங்கருக்குள் ஈரமண் மணக்கிறது, மலரக்கா தன் காதை விட்டுவிட்டு என் காதைப் பொத்துகிறாள், அம்மா கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுக்கிறாள், பதினாறு வயது அண்ணை மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இப்ப சுத்துறான், இப்ப தூரப் போறான், இந்தா குத்துறான், படுங்கோ, படுங்கோ, அவர் சொன்னபோதெல்லாம் படுத்தோம், அதனால் இருக்கிறோம், அப்பவே எனக்கொரு எண்ணம் தங்கச்சி என்கிறார் இப்போது நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவன் பிளேனுக்குள்ள என்ன செய்யேக்க அந்தச் சத்தம் வருதெண்டு அறியோணும், அறிஞ்சால் பயம் குறையுமெண்டு, குறைஞ்சதோ அண்ணை, குறைஞ்சது, முழுக்க இல்லை. எங்கள் தலைக்கு மேலே வானத்தைக் கிழித்த அலறல் விமானத்துக்குள் வெறும் முனகல், மாவரைக்கும் மில்லுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல, அவனுக்கு இவ்வளவுதான் கேட்டதோ என்று கேட்கிறேன், ஓம், இவ்வளவுதான் என்கிறார் அண்ணை, பிடியை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொருக்கா என்கிறேன், அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறுகளும் விழுந்து விழுந்து, ஒருநாள் சக்கரம் தரையைத் தொட்டு உருண்டு நின்றது, அண்ணை படியில் ஓடி, இஞ்சேரும், இவள் இறக்கிப்போட்டாள் என்று அண்ணியைக் கூப்பிட்டார்.

கொழும்புக்கு மாத்திரை போடாமல் பறக்கிறேன், நடுங்குகிறேன்தான், ஆனாலும் கீழே ஏதோ கரகரத்தபோது பக்கத்து இருக்கைக்காரி திடுக்கிட, சக்கரம் இறக்கிறாங்கள், ஒண்டுமில்லை என்று சொல்கிறது என் வாய், ஆசுபத்திரிக் கட்டிலில் மலரக்கா என் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறாள், அண்ணை இரவு முழுக்க இணையத்தில உன்ர பிளேனையே பாத்துக்கொண்டு இருந்தவராம், நீ இறங்கினதை அவர்தான் எனக்குச் சொன்னவர் என்கிறாள், அடுத்த நாள் அவள் சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்து, தண்ணி என்று கேட்டபிறகு, வெளியே வந்து அவருக்கு அழைக்கிறேன், அக்கா தப்பிட்டா அண்ணை என்கிறேன், மறுமுனையில் மூக்குறிஞ்சும் ஓசை மட்டும், நன்றி என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை, அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் நானும் நிற்கிறேன், பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லாண்டிங் எப்பிடி என்கிறார், பைலட் கொஞ்சம் தட்டித்தான் இறக்கினவன் அண்ணை, நீங்களெண்டால் பூப்போல வைச்சிருப்பியள்.