நான்கு வியாழக்கிழமைகள்

காலர், தோள்பட்டை, கை, முதுகு. ஒரு சட்டைக்கு ஒன்றரை நிமிடம். கார்மென்ட் கம்பெனியில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போயிருந்தது.

அன்று வியாழன். மூன்று மணிக்கு மகளுக்குப் போனில் வீடியோ கவுன்சலிங். மாசக்கணக்காகப் பள்ளிக்கூடம் போகாமல், தலைவாரக்கூட மனமில்லாமல் சுருண்டு கிடக்கும் பதினாறு வயசுப் பெண், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் முகம் கழுவி எழுந்து உட்காருவாள். ஆனால் வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். முதலில் அவர் திரையில் முகம் காட்ட வேண்டும். அந்த வீட்டில் இவளை விட்டால் வேறு பெரியவர் இல்லை.

இடுப்பு வலி என்று சொல்லி மூன்று வியாழன் அரைநாள் லீவு வாங்கியாயிற்று. இந்தமுறை டாக்டர் சீட்டு கேட்டாள் சூப்பர்வைசர். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுத்த மேசையில் பக்கத்து வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இவள் மேசைக்குத் திரும்பினாள். மூன்று மணிக்கு ஒரு காலர் கருகியது.

வீட்டுக்குப் போனபோது மகள் பின்னிய சடையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அம்மா எங்கன்னு கேட்டாங்க. குளிக்கிறாங்கன்னு சொன்னேன். பத்து நிமிஷம் பாத்துட்டு வெச்சிட்டாங்க."

"ஏம்மா பொய் சொன்ன?"

"வேலைக்குப் போயிட்டன்னு சொன்னா உன்னைத்தானே தப்பா நெனப்பாங்க." சடை நுனியைப் பிரித்தபடி, "நான் இப்படி ஆகாம இருந்திருந்தா உனக்கு இந்தக் கஷ்டமே இல்ல, இல்லம்மா?" என்றாள்.

இவளால் மகளின் முதுகைக்கூட ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை, பெட்டிகள் சூடாகிக்கொண்டிருந்தபோது, நேரே சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு இடுப்பு வலியெல்லாம் இல்லம்மா. என் பொண்ணுக்கு மனசு சரியில்ல. வியாழக்கிழமை அவகூட நான் இருக்கணும்."

பக்கத்து வீட்டுக்காரியின் கை ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. இவளுக்குக் காது மடல் எரிந்தது.

சூப்பர்வைசர் அவளை மூலைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தாள். பெண் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இத அப்படியே மேல அனுப்பினா உன் சீட்டக் கிழிச்சிடுவாங்க. காய்ச்சல் கீய்ச்சல்னாதான் அவங்களுக்குப் புரியும்."

மேசை இழுப்பறையிலிருந்து, வரப்போகும் நான்கு வியாழனுக்கும் சேர்த்து நான்கு லீவு படிவங்களை எடுத்து, அழகான கையெழுத்தில் தானே நிரப்பினாள். மகளுக்கு டைஃபாய்டு. மகளுக்கு அம்மை. மகளுக்கு மஞ்சள் காமாலை. நான்காவதுக்குச் சற்று யோசித்து, மகளுக்குக் கால் முறிவு என்று எழுதினாள்.

தாள்களைத் திருப்பி வைத்து, கீழே இருந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். இவள் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டாள்.