பலராமனின் நகம்

ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் பலராமன் ஒரு சேலையும் வாங்கியதில்லை. உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால்தான் அசல். ஆரணியில் முப்பது வருஷம் பட்டு வியாபாரம் செய்தவர். விற்கிறவன் பேச்சை நம்பினால் வேட்டி மிஞ்சாது என்பார்.

மகள் சுகன்யா வீட்டிலேயே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்தாள். அவளுடைய கம்ப்யூட்டர் திணறியது. பிராசஸரை மாற்ற வெற்றிச்செல்வனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். அவளுக்கு எடிட்டிங் வேலை தருகிறவனும் அவன்தான்.

"இருக்கிற செலரான் பிராசஸரே ஓடிகினுதானே இருக்குது?"

"நொண்டிகினு ஓடுதுப்பா. லெட்டர் அடிக்க அது போதும். வீடியோவுக்கு பென்டியம் ஃபோர்தான்."

"ரெண்டும் ஒரே பில்லை மாதிரிதான் இருக்குது. இதுக்கு மட்டும் ஏன் டபுள் விலை?"

வாங்கிவிட்டாள். வீட்டில் அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து பலராமன் பெட்டியைத் திறந்தார். பில்லையின் அடியில் நூற்றுக்கணக்கான ஊசிகள், தங்க நிறத்தில். அசலா, முலாமா? நகத்தை வைத்து ஒரு இழு இழுத்தார். ஒரு வரிசை சாய்ந்தது. சத்தமில்லாமல் மூடி வைத்தார்.

அவள் வந்து மாட்டிப் பார்த்தாள்; பிராசஸர் அதன் குழியில் உட்காரவில்லை.

"அப்பவே சொன்னேன், உடைஞ்ச சரக்க உன் தலையில கட்டிட்டான்!" கத்தக் கத்த அவருக்கே அது நிஜமாகிவிட்டது. கடைக்குப் போயும் கத்தினார். கூட்டம் கூடியது.

வெற்றிச்செல்வன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். "யாரோ கைய வெச்சிருக்காங்க. உங்க எதிர்லதானே பிரிச்சுக் காட்டினேன்?"

சுகன்யா அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். "என் கைதாங்க பட்டுடுச்சு."

"இதையே ஒழுங்கா மாட்டத் தெரியலன்னா, அடுத்து வர்ற களம்பூர் கல்யாண வீடியோவ எப்படிம்மா உன்ன நம்பிக் குடுக்கிறது?"

அவள் தலை குனிந்தாள். பலராமன் முன்னால் வந்தார்.

"அவ தொடல. நான்தான் சுரண்டினேன்."

"எதுக்குங்க?"

"அசலான்னு பாக்க."

கூட்டத்தில் நின்ற பட்டு வியாபாரி தனகோடி, "சிவப்பு நூல் தெரிஞ்சுதா, பலராமா?" என்றார். கடையே சிரித்தது. சுகன்யா சிரிக்கவில்லை.

வெற்றிச்செல்வன் ஊசிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். களம்பூர் கேசட்டுகளையும் எடுத்துக் கொடுத்து, "தப்பா பேசிட்டேன், மன்னிச்சுக்கம்மா" என்றான். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் மரம் போல நின்றார்.

வழியில் கேட்டார்: "தெரிஞ்சும் ஏம்மா உன் மேல போட்டுகினே?"

"நாலு பேர் எதிர்ல உங்கள எப்படிப்பா..." அவள் முடிக்கவில்லை.

வீட்டில் அவள் பிராசஸரை மாட்டும்போது, பலராமன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவளும் உள்ளே கூப்பிடவில்லை.