மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

தன் புருஷன் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் இரண்டு மணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசினார் என்பது, அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரியவந்தது. அதுவும் அந்தப் பெண்ணே வீடு தேடி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண் கலங்கச் சொல்லித்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இந்தப் பெண் மட்டும். பெட்டி விழாமல் கவ்விப் பிடிக்கும் பூட்டு இறுகிவிட்டதால், இன்னொரு மெக்கானிக் வராமல் அசைக்க முடியாது. வரும்வரை இவர் நான்காம் மாடித் தரையில் குப்புறப் படுத்து, கதவை இரண்டு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு, கீழே தெரிந்த அவள் உச்சந்தலையோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் அவள் யாரென்று தெரியாது. ஆனாலும் நான்காம் மாடி டீச்சர் மீன்தொட்டிக் குழாயைக் கழுவிக் கொண்டுவந்து அதன் வழியாகக் குடிக்கத் தண்ணீர் இறக்கினார். வாட்ச்மேன் கை மாற்றிக் கை மாற்றி டார்ச் பிடித்தார். மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர், "நான் இங்கதாம்மா நிக்கிறேன், எங்கயும் போகல" என்று அடிக்கடி குரல் கொடுத்தார். அதைத்தான் அந்தப் பெண் இருபது நிமிடக் குறும்படமாக எடுத்திருக்கிறாள்.

"சார் எவ்வளவு நல்லாப் பேசுவாரு ஆன்ட்டி! நீங்க குடுத்து வச்சவங்க."

"யாரு, எங்க வீட்டுக்காரரா? அட்ரஸ் மாறி வந்துட்டியாம்மா?"

அந்தப் பெண் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் வீட்டில் பேசியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். சாப்பாடு போட்டால் 'போதும்', கிளம்பும்போது 'வரேன்', மற்றதற்கெல்லாம் 'ம்'. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவளே எத்தனை முறை குத்திக் காட்டியிருக்கிறாள்! பேசியதெல்லாம் அவள்தான். பல் கிளினிக்கில் பெயர் கூப்பிடும் வேலை அவளுக்கு. தினம் நாற்பது வாய்கள் வந்துபோகிற இடம். கதைக்கா பஞ்சம்? சாயங்காலம் வீடு வந்ததும் ஆரம்பித்தால் விளக்கணைத்த பிறகும் ஓயமாட்டாள். எதிர்வீட்டுக்காரி அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அப்புறம்?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "அப்புறம்?". பிறகு குறட்டை.

அப்பேர்ப்பட்ட மனிதர் இந்தப் பெண்ணிடம் இரண்டு மணி நேரம் பேசினாராம்! அதுவும் சிரிக்க!

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேச்ச விடக்கூடாதுன்னு சொன்னாரு ஆன்ட்டி. பேச்சு நின்னா பயம் உள்ள வந்துருமாம். அது அவங்க தொழில்ல முதல் பாடமாம்."

அந்த முதல் பாடமும் அவளுக்குப் புதுசு. வீட்டில் மாட்டிக்கொண்டவளுக்கு அந்தப் பாடம் கிடையாது போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அதற்கு மேல் ஒன்று சொன்னாள் அந்தப் பெண். போனில் சிக்னல் இல்லாததால், ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு இருக்கட்டும் என்று குரல்பதிவை அழுத்தினாளாம். நிறுத்த மறந்துவிட்டாளாம். அவர் பேசிய அத்தனையும் அதில் இருக்கிறது. படத்தின் கடைசியில் திரையை இருட்டாக்கி அவருடைய சொந்தக் குரலையே ஓடவிட்டிருக்கிறாள். போட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் வீட்டார் சம்மதம் வேண்டும். ஒரு தாளை நீட்டினாள்.

அவள் கை அந்தத் தாளுக்குப் போகவில்லை. அவர் குரல் அவளிடம் ஒரு துளி கிடையாது. கல்யாண வீடியோவில் தலையாட்டுகிறார். போனில் கட்டை விரல் படம் மட்டும் அனுப்புவார். எட்டு மாதமாக, காலையில் கண் விழித்ததும் அந்த 'ம்' எப்படி இருக்கும் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறாள். நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகிறது. இங்கே ஒருத்தி அந்தக் குரலில் இரண்டு மணி நேரத்தைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

"படத்தப் பாத்துட்டு சொல்றேன்" என்றாள். மாட்டேன் என்று சொல்வதற்குத்தான் போவதாக அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே கட்டடத்தின் கூட்ட அறையில் படம் போட்டார்கள். துணைக்கு நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனாள். லிஃப்ட் திறந்தே நின்றது. இருவரும் படியேறினார்கள்.

திரையில் அவராக நடித்தவன் ஓங்கு தாங்காக இருந்தான்.

"அண்ணி, எங்க அண்ணன் இவ்ளோ உயரமா?" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"படுத்துத்தான கெடக்கான், விடு."

"பல்லு வேற வெள்ளையா இருக்கு."

"சும்மா இருடி."

டீச்சர் குழாயோடு ஓடிவந்தபோது முன்வரிசையில் நிஜ டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டார்ச் பிடித்த கை நடுங்கியபோது வாட்ச்மேன், "நடுங்கல்லாம் இல்ல" என்று சத்தமாகச் சொல்ல, அறையே சிரித்தது. எல்லோருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பங்கு இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்திருக்கிறார்கள், சிரித்தவரை, பேசியவரை. அவள் மட்டும்தான் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டு விருந்தில் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்தவள் மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அப்போது திரை இருண்டது. அவர் குரல் வந்தது.

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கரகரப்பு, நடுவில் ஒரு செருமல். அவரேதான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பல் டாக்டர் இருக்காரும்மா. அவர்கிட்ட ஒரு பெரியவர் புதுசா பல்செட் கட்டிக்கிட்டுப் போனாரு. ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. திடீர்னு ஒரு நாள் பொருந்தல. டாக்டர் தேய்ச்சுக் குடுத்தாரு. அடுத்த வாரம் திரும்பவும் பொருந்தல..."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவள் சொன்ன கதை.

"'வாய் வளந்துருச்சா டாக்டர்?'னு கேட்டாராம் பெரியவர்." அறை சிரித்தது. அந்த வார்த்தை அவளுடையது. அந்த இழுப்பும் அவளுடையது. பெரியவர் மாதிரி உதட்டை உள்ளே மடித்துப் பேசிக் காட்டுவாளே, அதையும் அப்படியே செய்கிறார் அந்த மனிதர்! அவர் சொல்லி நிறுத்திய இடத்தில் உள்ளிருந்து பெண் குரல், அழுகையும் சிரிப்புமாக, "அப்புறம்?" என்றது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். திருட்டு மனுஷன்! வீட்டில் ஊமை வேஷம் போட்டுவிட்டு, அவள் தொண்டை வற்றச் சொன்னதையெல்லாம் ஊரில் மாட்டிக்கொண்ட பெண்களுக்கு விநியோகம் பண்ணியிருக்கிறாரே! பேசிப் பேசி வாய் வலிக்கச் சேர்த்தது அவள், பேர் வாங்கிக்கொண்டது அவர்.

"கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? அஞ்சாவது தடவை பெரியவர் வந்ததும் டாக்டரே சலிச்சுப்போய், தன் வாயிலருந்து பல்செட்டக் கழட்டி, 'இந்தாங்க, இதப் போட்டுப் பாருங்க'ன்னு குடுத்துட்டாரு!"

அறை அதிர்ந்தது. வாட்ச்மேன் தொடையில் தட்டிக்கொண்டார். நாத்தனாருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கதை அப்படி முடியவில்லை.

நடந்தது வேறு. ஐந்தாவது தடவை பெரியவரோடு அவர் மனைவியும் வந்தார். அந்த அம்மாளுக்கும் பல்செட்தான். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற வைப்பார்கள். ஒரு நாள் மாறிப்போயிருக்கிறது. டாக்டர் கண்டுபிடித்து, கழற்றுங்கள் என்றதும் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கு அவரோடதுதான் சுகமா இருக்கு, தரமாட்டேன்" என்றுவிட்டார். மாறியது அந்த அம்மாளுக்கு முதல் நாளே தெரியுமாம். கிளினிக்கே விழுந்து விழுந்து சிரித்த கதை. அன்றிரவு அதைப் புருஷனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். "அஞ்சாவது தடவ பெரியவர் வந்தாருங்க..." என்றதும் "அப்புறம்?" என்று ஒரு குரல் வந்தது. அவளும் முழுசாகச் சொல்லி முடித்தாள்.

அந்த 'அப்புறம்' தூக்கத்தில் வந்தது என்று இப்போது தெரிந்தது. அதற்கு முன்னால் வரை ஓர் எழுத்து விடாமல் கேட்டிருக்கிறார். முடிவு வருவதற்குள் கண் அசந்துவிட்டது. காலையில் கேட்க வெட்கப்பட்டிருப்பார். மாட்டிக்கொண்ட பெண்ணுக்குச் சொல்லும்போது முடிவு இல்லாமல் முழித்து, கையிலிருந்து ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார். அது அவளுடைய முடிவைவிடச் சிரிப்பாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

விளக்கு போட்டதும் அந்தப் பெண் தாளோடு வந்தாள். பின்னாலேயே டீச்சரும் வாட்ச்மேனும்.

"பிடிச்சிருந்துச்சா ஆன்ட்டி?"

"கதையோட முடிவு தப்பு."

"எந்தக் கதை?"

"பல்செட் கதை. அது நான் அவருக்குச் சொன்னது. எங்க கிளினிக்ல நடந்தது. முடிவு கேக்கறதுக்குள்ள தூங்கிட்டாரு."

அந்தப் பெண்ணின் வாய் திறந்தபடி நின்றது. "அப்ப உங்க பேரும் படத்துல வரணும் ஆன்ட்டி! அய்யோ, நிஜ முடிவு என்ன? சொல்லுங்க, சொல்லுங்க."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். எல்லாக் கண்களும் அவள் மேல். ரேடியோவுக்கு இதைவிட என்ன வேண்டும்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவள் பேனாவை வாங்கினாள்.

"கையெழுத்து எங்க போடணும்? அந்த ரெண்டு மணி நேரமும் முழுசா எனக்கு வேணும். இப்பவே, என் போன்ல."

"கண்டிப்பா தரேன். ஆனா முடிவு?"

"அவரு சொன்னதே படத்துல இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

"ஆன்ட்டி, ப்ளீஸ். ரெண்டு வருஷமா அந்தக் கதையச் சொல்லிட்டுத் திரியறேன்."

"அண்ணி, எனக்காவது சொல்லுங்களேன்" என்றாள் நாத்தனார்.

"உங்க அண்ணன் கேக்காதத உனக்கு எதுக்குடி சொல்லணும்?"

தாளின் அடியில் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதி நீட்டினாள். அந்தப் பெண் அதைக் கையில் வாங்கிய பிறகும் நகராமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னிடம் இல்லாத ஒன்று இந்த அம்மாளிடம் இருக்கிறதே என்கிற ஏக்கம் அந்த இளமுகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பொறாமை என்றே சொல்லலாம்.

பார்ப்பதற்கு அவளுக்கு இதமாக இருந்தது.